கிரமமான கையின் வேலை

அண்ணி திட்டவில்லை. திட்டியிருந்தால் கொழுந்தனுக்கு அன்று காலைச் சாப்பாடு தொண்டையில் இறங்கியிருக்கும். அவள் பாட்டுக்குக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அலுவலகக் கதவைப் பூட்டி, பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு மாடிப்படியில் முன்னால் இறங்கினாள். கீழே செருப்புக்கடைக்காரர் வணக்கம் சொன்னார். அவருக்குப் பதில் வணக்கம் கிடைத்தது. பின்னால் வந்தவனுக்கு ஒரு பார்வைகூடக் கிடைக்கவில்லை.

அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு அவர் நடத்திவந்த துப்பறியும் தொழிலை அண்ணி எடுத்துக்கொண்டாள். தொழிலோடு அவருடைய தம்பியும் ஒட்டிக்கொண்டு வந்தான். தெருவில் அவனுக்கு 'வாய்' என்றுதான் பெயர். மூளை அண்ணிக்கு, வாய் கொழுந்தனுக்கு என்று பாகப்பிரிவினை செய்ததுபோலத்தான் இத்தனை வழக்குகளும் நடந்து வந்தன. அந்த வாய்தான் நேற்று ஒரு மனிதனின் சோற்றில் மண்ணைப் போட்டிருந்தது.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரிகளுக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுக்கிற ஒரு கம்பெனி. வார விடுமுறை முடிந்து நேற்றுக் காலை திறந்து பார்த்தால், அங்கே இருந்த ஒரே காஜா மெஷின், அதாவது பட்டன் துளை போடுகிற மெஷின், அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது. பூட்டு உடையவில்லை. ஒரு பொருளும் களவு போகவில்லை. கழற்றிய பாகங்கள் ஒரு வெள்ளைத் துணியின்மேல், கடுகளவு திருகாணியில் தொடங்கி உள்ளங்கை அகலத் தகடு வரை, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல வரிசையாக இருந்தன. காஜா இல்லாமல் கோட்டு இல்லை, கோட்டு இல்லாமல் ஆர்டர் இல்லை. போட்டிக் கம்பெனிக்காரன் சதி என்று முதலாளி அண்ணிக்கு ஆள் அனுப்பினார்.

அண்ணி மெஷினை எல்லாப் பக்கமும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முதலாளியின் மனைவி, காதுவலி என்று தலையைச் சுற்றிச் சால்வை போட்டுக்கொண்டு நின்றாள். வேலையாட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கூட்டத்தைக் கண்டால் கொழுந்தனுக்கு நாக்கு அரிக்கும்.

"சதியாவது கிதியாவது. எவ்வளவு கிரமமா அடுக்கியிருக்கு பாருங்க சார். கிரமம்னு பேரையே வெச்சுக்கிட்டு உங்ககிட்ட ஒருத்தர் இருக்காராமே, அவரை விட்டா வேற யாரு?" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். கம்பெனி மெக்கானிக்குக்கு அதுதான் பட்டப்பெயர். ஒன்று முடிக்காமல் இன்னொன்றைத் தொடாத மனிதர். டம்ளரைக் கழுவினால்கூட ஒரு வரிசை வைத்துத்தான் கழுவுவார். அதனால் அவர் 'கிரமம் அண்ணன்'. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. கம்பெனிக்கு இரண்டே சாவி. ஒன்று முதலாளி வீட்டில் இருக்கும், மற்றொன்று மெக்கானிக்கிடம் இருக்கும். சாவியைப் பிடுங்கிக்கொண்டு மதியத்துக்குள் மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. இன்று வேலை முடிந்ததும் போலீஸில் புகார். மெஷினைக் கெடுத்தவன் என்று ஒரு மெக்கானிக்குக்குப் பெயர் விழுந்துவிட்டால் அப்புறம் அவரை எந்தக் கம்பெனியும் வாசல்படி ஏற்றாது.

"அண்ணி, ஒரு வார்த்தை," என்றான் கொழுந்தன், தெருமுனையில்.

"அந்த ஒரு வார்த்தையைத்தான் நேத்தே சொல்லிட்டியே."

"விளையாட்டுக்குச் சொன்னது."

"சரி, அது என்ன வார்த்தை? கிரமம்னா என்னன்னு சொல்லு பார்ப்போம்."

"அதான்... சுத்தமா, அழகா, பார்க்க ஒழுங்கா இருக்கறது."

"அதுக்கு நேர்த்தின்னு ஒரு வார்த்தை சும்மாதானே இருக்கு. அதை ஏன் எடுக்கலை?"

"இது அவர் பேருக்குப் பொருத்தமா இருந்துச்சு அண்ணி."

"மனுஷனைப் பொருத்தறதுக்கு முன்னாடி வார்த்தையைப் பொருத்திப் பார்த்திருக்கணும். சரி, வா. மெக்கானிக் வீட்டுக்குத்தான் போறோம். அங்க வாயைத் திறந்தா மூச்சு விடறதுக்கு மட்டும் திற."

மெக்கானிக்கின் வீடு ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும்தான். சுவரில் ஓர் ஆணி, அதில் தொங்கிய கம்பெனிச் சாவி போய் வட்டமாக ஒரு தடம். பக்கத்து ஆணியில் பட்டன் பிரிவில் வேலை செய்கிறவர்கள் கட்டுகிற, முன்னால் பை வைத்த நீலத் துணி ஒன்று தொங்கியது. அவருடைய மகள் அதே கம்பெனியில் பட்டன் பிரிவில் இருக்கிறாள். அப்பாவை வெளியே அனுப்பினாலும் மகளை வேலைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அவளும் மாற்றுத் துணியைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள்.

மனிதர் தரையில் உட்கார்ந்து மேஜைவிசிறியைப் பிரித்துக்கொண்டிருந்தார். எதிரில் விரித்த காகிதத்தில் திருகுகள் ஒரு கோடாகக் கிடந்தன. பெரிது ஒன்று, பொடி இரண்டு, ஒரு வளையம், மறுபடி பெரிது, அப்புறம் ஒரு ஸ்பிரிங். பார்த்தால் கோழி கிளறிய மாதிரி இருந்தது.

"உக்காருங்கம்மா. நீங்களும் உக்காருங்க தம்பி," என்றார்.

திட்டுவார், கதவைச் சாத்துவார் என்று எண்ணி வந்த கொழுந்தனுக்கு அந்தத் 'தம்பி' முள்ளாகத் தைத்தது. அவசரமாக உட்காரப் போனவனின் முழங்கால் காகிதத்தில் பட்டு, திருகுகள் நாலா பக்கமும் சிதறின.

"ஐயோ, இருங்க இருங்க, நானே," என்று அவன் மண்டிபோட்டுப் பொறுக்கினான். செய்த பாவத்துக்கு ஏதாவது ஒரு பரிகாரம் கிடைத்ததே என்று, சின்னதிலிருந்து பெரியது வரை ஒவ்வொன்றாக அடுக்கினான். முன்பைவிடப் பிரமாதமாக இருந்தது.

மெக்கானிக் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா இனிமே பூட்டறதுக்கு நான்தான் திண்டாடணும்."

"ஏன்ணே?"

"கழட்டின வரிசையில வெச்சிருந்தேன். கடைசியா கழட்டினது முதல்ல போகணும். இப்போ எது எந்த ஓட்டைக்குன்னு ஒவ்வொண்ணா போட்டுத்தான் பார்க்கணும்."

கொழுந்தனுக்குக் காது வரை சுட்டது. அண்ணியோ அவனைத் திட்டுவதை விட்டுவிட்டு, அந்த அழகான வரிசையையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"நேத்து எல்லார் முன்னாடியும் உங்க பேர் அடிபட்டப்போ நீங்க ஒண்ணுமே சொல்லலையே, ஏன்?"

"சொல்ல என்ன இருக்கு. நான்தான் செஞ்சேன்."

கொழுந்தனின் நெஞ்சில் அப்பாடா என்று ஒரு காற்று வீசியது. உண்மையைச் சொல்ல வேண்டுமே, வீசத்தான் செய்தது. அப்படியானால் தன் வாய் யாரையும் கெடுக்கவில்லை. அடுத்த நொடியே, ஒரு மனிதன் குற்றவாளி ஆவதில் தனக்கு இத்தனை சந்தோஷமா என்று கூசிப்போனான்.

"எதுக்குச் செஞ்சீங்க?" என்றாள் அண்ணி.

"கோபம்."

"யார் மேல?"

மெக்கானிக் யோசித்தார். "பொதுவா."

"சரி. மெஷினை எங்க தொடங்கினீங்க?"

"எங்கன்னா, எப்பவும் போலத்தான். முதல்ல தலையைப் பின்னால சாய்க்கணும். அடியில தொட்டியில இருக்கற எண்ணெயை வடிக்கணும். அப்புறம்தான் மேல கை வைக்க..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நேத்து மெஷின்ல எண்ணெய் அளவு தெரியற கண்ணாடியைப் பார்த்தேன். தொட்டி நிறைய எண்ணெய் அப்படியே நின்னுச்சு," என்றாள் அண்ணி மெதுவாக. "பொய் சொல்றதுக்குக்கூட உங்களால கிரமம் தப்ப முடியலையே. யாருக்காக இந்தப் பொய்?"

மனிதரின் கண் தன்னை அறியாமல் சுவரில் தொங்கிய நீலத் துணிக்குப் போய்த் திரும்பியது. "நான்தான்னு எழுதிக்கோங்கம்மா. புண்ணியமாப் போகும்," என்று சொல்லி, விசிறிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும் கொழுந்தன் அண்ணியின் வேகத்துக்கு ஓட்டமும் நடையுமாக ஈடுகொடுத்தான்.

"அண்ணி, விளங்கிடுச்சு. அந்த மெஷின் வரிசையில நேர்த்திதான் இருக்கு, கிரமம் இல்லை. அது மெக்கானிக் அடுக்கினதே இல்லை. அடுக்கத் தெரிஞ்ச, பூட்டத் தெரியாத கை. நான் விசிறிக்குப் பண்ணின மாதிரி."

"பரவாயில்லையே. மேல சொல்லு."

"சின்னது பெரிசுன்னு அடுக்கற கை எது? பட்டன் பிரிக்கற கை. சாவி வீட்டு ஆணியிலதான் தொங்கியிருக்கு. அவர் வரிசையைப் பார்த்த உடனே மகள் வேலைன்னு கண்டுபிடிச்சுட்டார். அதான் பழியைத் தலையில போட்டுக்கறார். அந்தப் பொண்ணுதான் அண்ணி."

"நல்லா யோசிச்சிருக்கே. அவரும் இப்படித்தான் யோசிச்சிருக்கார்."

"அப்போ சரிதானே?"

"நேத்தும் சரின்னுதானே நினைச்சே?"

நேற்று அப்பன், இன்று மகள். இந்த நாக்கு ஒரு குடும்பத்தையே கணக்குத் தீர்க்காமல் விடாதோ என்று அவனுக்கே பயமாக இருந்தது.

"வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கோ," என்றாள் அண்ணி. "சாவியை நான் வெச்சுக்கறேன்."

கம்பெனியில் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. காஜா போடாத கோட்டுகள் சுவரோரம் இடுப்புயரம் குவிந்துவிட்டன. பட்டன் பிரிவு ஜன்னலோரத்தில் ஒரு நீள மேஜை. மெக்கானிக்கின் மகள் முகம் வீங்கி, தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தாள். கொழுந்தன் அவள் எதிரில் நிற்க மாட்டாமல் அண்ணியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான்.

"என்னம்மா பண்றே?" என்றாள் அண்ணி.

"நிறம் பிரிக்கறேன் மேடம். இது பால் வெள்ளை, இது சுண்ணாம்பு வெள்ளை, இது கொஞ்சம் மஞ்சள் அடிக்குது பாருங்க. ஒரே கோட்டுல ரெண்டு வெள்ளை வந்தா திருப்பி அனுப்பிடுவாங்க."

"சின்னது பெரிசுன்னு அளவு பார்த்துப் பிரிக்க மாட்டியா?"

"அளவா? அது பாக்கெட்லயே தனித்தனியா வந்துடுதே. நான் சேர்ந்ததிலேருந்து நிறம் மட்டும்தான். முன்னாடி பட்டனை மூட்டையாக் கொட்டுவாங்களாம். அப்போ பொடியிலேருந்து பெரிசு வரைக்கும் வரிசையா வெச்சாத்தான் சூப்பர்வைசர் விடுவாராம். முதலாளியம்மா சொல்லிச் சிரிப்பாங்க."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க இந்த ஜன்னலோரத்துலதானே உக்காந்திருந்தாங்க." அந்தப் பெண் ஒரு பட்டனை விரலுக்குள் உருட்டினாள். "மேடம், எங்கப்பா செஞ்சிருக்க மாட்டார். ஆனா நேத்திலேருந்து என் முகத்தையே பார்க்க மாட்டேங்கறார். நான் என்ன பண்ணேன்னு தெரியலை."

வாயில் அந்தப் பூட்டு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் கொழுந்தன், நீதானே பிரித்தாய் என்று இந்நேரம் கேட்டுத் தொலைத்திருப்பான்.

காஜா மெஷின் தனி அறையில் இருந்தது. போலீஸ் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. கதவைத் தள்ளியபோது உள்ளே அவர் மனைவி நின்றாள். அதே சால்வை. மெஷின்மேல் இருந்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"காதுவலி எப்படியிருக்கும்மா?" என்றாள் அண்ணி.

"இருக்கு. குறையலை."

"தம்பி, அந்த மெஷின் தலையைப் பின்னால சாய். சட்டைக் கையைச் சுருட்டிக்கோ. தொட்டிக்குள்ள கையை விட்டுத் தேடு."

"எண்ணெய் அண்ணி. இது புதுச் சட்டை."

"நேத்து வாய் வேலை செஞ்சுதே. இன்னிக்குக் கை செய்யட்டும்."

மெஷினின் தலை முனகிக்கொண்டு சாய்ந்தது. கொழுந்தன் முழங்கை வரை கையை எண்ணெயில் விட்டான். வழுவழுப்புக்குள் அடித்தரையைத் துழாவினான். சிக்கு, தூசி, ஒடிந்த ஊசி முனை. அப்புறம் ஏதோ ஒன்று விரலில் உருண்டது. எடுத்துத் துடைத்தான். ஒற்றைக் கல் பதித்த தோடு. எண்ணெய்க்குள்ளிருந்து வந்தும் பளிச்சென்று கண்ணடித்தது.

"உள்ள விழறது எல்லாம் கடைசியில இந்தத் தொட்டிக்குத்தான் வரும்," என்றாள் அண்ணி. "தெரிஞ்சவங்க தலையைச் சாய்ச்சு எடுத்துட்டுப் போயிருப்பாங்க. தெரியாதவங்க மேலேயிருந்து ஒவ்வொண்ணாக் கழட்டித் தேடியிருக்காங்க. அதை அங்க வை தம்பி."

கொழுந்தன் தோட்டைத் துணியின் கடைசியில், பெரிய தகட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

முதலாளியம்மாவின் விரல் தானாக நீண்டது. தோட்டை நகர்த்தி நகர்த்திக் கொண்டுபோய், பொடித் திருகாணிகளுக்கு அடுத்தபடி, அதன் அளவு எங்கே பொருந்துமோ அங்கே வைத்தது. வைத்த பிறகுதான் அவள் தன் விரலையே பார்த்தாள்.

அவள் சால்வையைத் தளர்த்தினாள். ஒரு காதில் தோடு இருந்தது. மற்றக் காது வெறுமையாக இருந்தது.

"என் மாமியாரோட தோடு," என்றாள். "முதலாளி பொண்டாட்டி மெஷின்ல உக்காந்தா ஜனங்க சிரிப்பாங்கன்னு அவர் உக்கார விடமாட்டார். எனக்குக் கை அரிக்கும். லீவு நாள்ல வீட்டுச் சாவியை எடுத்துட்டு வந்து யாருக்கும் தெரியாம தைப்பேன். காஜா போட குனிஞ்சேன், தோடு கழண்டு உள்ள போயிடுச்சு. கழட்டினா கிடைச்சுடும்னு நினைச்சேன். கழட்டக் கழட்ட பயம் வந்துச்சு. எல்லாத்தையும் ஒழுங்கா அடுக்கி வெச்சா எப்படியும் பூட்டிடலாம்னு பார்த்தேன். அடுக்கத்தான் தெரிஞ்சுது."

"மெக்கானிக் மேல பழி விழுந்தப்போ?"

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். "இந்தத் தம்பி அந்த வார்த்தையைச் சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. அந்த அப்பாடாதான் நேத்திலேருந்து என்னைத் தின்னுது."

கொழுந்தன் தலை குனிந்துகொண்டான். அந்த அப்பாடாவின் ருசி அவனுக்கும் தெரியும்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள் அண்ணி.

முதலாளியம்மா சால்வையை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு, வெறுங்காதோடு எல்லா மெஷின்களையும் தாண்டி முதலாளியின் கண்ணாடி அறைக்குள் போனாள். சத்தம் வெளியே கேட்கவில்லை. முதலாளி எழுந்தது தெரிந்தது. கை ஓங்குவதுபோல் உயர்ந்து, தன் நெற்றியிலேயே இறங்கியது தெரிந்தது. பிறகு உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்து வெளியே தலையை நீட்டி, "யாராவது போய் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வாங்க," என்றார். குரல் கரகரத்தது.

அதற்குள் கொழுந்தன் பாதித் தெரு ஓடியிருந்தான்.

மெக்கானிக் திரும்பி வந்தபோது மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. வழியெல்லாம் கொழுந்தன் நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்திருந்தான். மெக்கானிக் காஜா அறைக்குள் போய் வெள்ளைத் துணியின்முன் நின்று, இதை எப்படிப் பூட்டப்போகிறோம் என்று பெருமூச்சு விட்டார். வாசலில் முதலாளி, அவர் மனைவி, கொழுந்தன் மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் அவசரப்பட்டுட்டேன்," என்று முதலாளி தொடங்கினார். "அண்ணே, என்னாலதான்," என்றாள் அவர் மனைவி. "என் வாயாலதான்ணே, என்னை மன்னிச்சு..." என்று கொழுந்தன் இருவரையும் முந்தினான்.

மெக்கானிக் கையில் இருந்த திருப்புளியை உயர்த்தினார். "இருங்க. இப்படி எல்லாரும் ஒண்ணா வந்து விழுந்தா ஒண்ணும் பூட்டாது. கடைசியா கழண்டதை முதல்ல பூட்டணும்."

யாருக்கும் புரியவில்லை.

"முதல் தப்பு முதலாளியம்மாவோடது. அதுக்கப்புறம் இந்தத் தம்பியோட வார்த்தை. அதுக்கப்புறம் முதலாளி என்னை வெளிய அனுப்பினது. கடைசித் தப்பு என்னோடது. பெத்த பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேக்காம, அவதான்னு முடிவு பண்ணிட்டேன். அவ முகத்தைப் பார்க்காம சாப்பிட்டேன். அதனால முதல்ல நான் போறேன்."

திருப்புளியை மேஜைமேல் வைத்துவிட்டு, ஜன்னலோரத்துக்கு நடந்தார். மகள் எழுந்து நின்றாள். அவர் என்ன சொன்னாரோ, இங்கே கேட்கவில்லை. அவள் நீலத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டது மட்டும் தெரிந்தது. துடைத்துவிட்டு, அதே துணியால் அப்பாவின் முகத்தையும் துடைத்தாள்.

முதலாளி தயங்கித் தயங்கி ஓரடி முன்னால் வந்து நின்றார். கொழுந்தன் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். முதலாளியம்மா அவனுக்கும் பின்னால். எண்ணெய் இன்னும் அவன் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணி பக்கத்தில் வந்தாள். காலையிலிருந்து இறுகியிருந்த முகத்தில் ஏதோ கொஞ்சம் இளகியிருந்தது. "என்ன தம்பி, வாய் பேசாம நிக்கறே? பூட்டைத் திறந்துவிடட்டுமா?"

"வேண்டாம் அண்ணி," என்றான் கொழுந்தன். "என் முறை இன்னும் வரலை."